அழித்த காட்சிகள் மீண்டும் வருமா?



‘பதறாத காரியம் சிதறாது’ என்று நம் பாட்டிமார் அடிக்கடி சொல்வார்கள். அதன் முழுப் பொருளையும் இவ்வாண்டு எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது சுண்டுவிரல் நகமளவேயுள்ள ஒரு மெமரி கார்டு. நாங்கள் செய்த பிழையையும், அதிலிருந்து தெரிந்து கொண்ட அறிவியலையும் மறைக்காமல் எழுதினால் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று எங்கள் கணினி ஆசிரியை கூறியதால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நம் நல்லூருக்கு அருகிலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அங்குள்ள பொம்மைக் கூடம் ஒன்றுக்குக் கல்விச் சுற்றுலா சென்றிருந்தோம். வகுப்புத் தோழி ஒருத்தியின் அண்ணன் மோட்டார் சைக்கிள் பயணத்தின்போது தலைக்கவசத்தில் பொருத்திக் கொள்ளும் ஆக்‌ஷன் கேமராவை எங்களிடம் நம்பிக் கொடுத்திருந்தார். களிமண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவதையும், அச்சு நீரை உறிஞ்சியதும் மிஞ்சிய குழம்பைக் கவிழ்த்துக் கொட்டுவதையும், காய்ந்த பொம்மைகள் சூளைக்குப் போவதையும் படம் பிடித்தோம். அவை எல்லாவற்றுக்கும் முன்னால், காலையில் முதன்முதலாக, ஒரு பாட்டியின் பேச்சைப் பதிவு செய்தோம். சிறுமியாக வேலைக்கு வந்த முதல் நாளைப் பற்றி அவர் ஆறு நிமிடம் பேசினார். கண் பார்வை மங்கியதால் அந்த வாரத்தோடு வேலையை விடப் போவதாகவும் சொன்னார். மொத்தம் 8 காட்சிகள் சேர்ந்தன.

திரும்பும் வழியில் பேருந்தில்தான் அந்தப் பிழை நேர்ந்தது. ஆடிப்போன ஒரு காட்சியை மட்டும் அழிக்க எண்ணிய ஒருத்தி, ‘எல்லாவற்றையும் அழி’ என்ற இடத்தில் விரலை வைத்து விட்டாள். நொடிப்பொழுதில் எட்டும் மறைந்தன. பக்கத்தில் இருந்த நால்வருக்குத்தான் இது தெரியும். ‘வெறுங்கையோடு போனால் சிஸ்டர் என்ன சொல்வார்களோ’ என்ற அச்சத்தில், எதையாவது காட்டலாம் என்று மணிமுத்தாற்றையும் அதன் கரைகளையும் ஆறு நிமிடம் புதிதாகப் படம் பிடித்தோம். இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. அந்த ஆறு நிமிடத்தின் விலை என்ன என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

மூன்றாம் நாள் கணினி ஆசிரியையிடம் அழுதுகொண்டே சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. “அழித்த பிறகு கேமராவில் வேறு ஏதாவது எடுத்தீர்களா?” என்று மட்டும் கேட்டார். அது ஏன் முதற் கேள்வியாக வந்தது என்பதை விளக்கினால் அழித்த காட்சிகளை மீட்கும் கலை முழுவதும் விளங்கிவிடும்.

நம் பள்ளி நூலகத்தை நினைத்துக் கொள்ளுங்கள். எந்த நூல் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். ஒருவர் பதிவேட்டில் ஒரு நூலின் பெயரை மட்டும் அடித்துவிட்டு, ‘இந்த இடம் காலி’ என்று குறித்து வைத்தால் அந்த நூல் மறைந்து போகுமா? போகாது, அலமாரியிலேயே இருக்கும். ஆனால் தேடி வருபவருக்குக் கிடைக்காது. பதிவேட்டை நம்பி வேறொருவர் அந்த நூலை அகற்றிவிட்டுப் புதிய நூலை வைக்கும் நாளில்தான் அது உண்மையாகவே போகும்.

மெமரி கார்டும் அவ்வாறே. அதற்குள் ஒரு பதிவேடு உண்டு. 32 ஜிகாபைட் வரையிலான கார்டுகளில் பொதுவாக ஃபேட் 32 என்னும் முறையும், அதற்கு மேற்பட்டவற்றில் எக்ஸ்-ஃபேட் என்னும் முறையும் கையாளப்படுகின்றன. ஃபேட் என்ற பதிவேட்டு முறை 1977-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பிளாப்பி வட்டுகளுக்காக உருவானது. எஸ்.டி. கார்டை 1999-இல் சான்டிஸ்க், மட்சுஷிட்டா, தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து அறிவித்தன. நாம் ஒரு காட்சியை அழிக்கும்போது ஃபேட் 32 முறையில் அதன் பெயரின் முதலெழுத்து இருந்த இடத்தில் ஓர் அடையாளக் குறி இடப்படுகிறது. அது தங்கியிருந்த இடங்கள் காலி என்று குறிக்கப்படுகின்றன. எக்ஸ்-ஃபேட்டிலும் ஏறத்தாழ இதே கதைதான். காட்சியின் உடல் தொடப்படுவதில்லை. பல ஜிகாபைட் காட்சிகள் ஒரு நொடியில் அழிந்துவிடுவதன் இரகசியம் இதுதான். அழிப்பது ஒரு பெயரைத்தானே!

பொம்மைக் கூடத்தில் கண்ட ஒன்றையே உவமையாகச் சொல்லலாம். சூளைக்குப் போகாத களிமண் பொம்மை உடைந்தால் நீரில் ஊறவைத்து மீண்டும் களிமண்ணாக்கலாம். சூளையில் வெந்துவிட்டால் அந்த மண்ணுக்குள் கலந்திருந்த நீர் நிரந்தரமாக வெளியேறி விடுகிறது. பிறகு எத்தனை நாள் ஊறினாலும் அது களிமண் ஆகாது. அழித்தல் என்பது பச்சைப் பொம்மை உடைவது போன்றது. அழித்த இடத்தின்மேல் புதிதாக எழுதுவதோ சூளையில் வேகவைப்பது போன்றது.

நாங்கள் ஆற்றைப் படம் பிடித்ததன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். நொடிக்கு 60 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் காட்சி, நொடிக்கு 7.5 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். ஒரு நிமிடத்துக்கு 450 மெகாபைட். ஆறு நிமிடத்துக்கு 2,700 மெகாபைட். காலி என்று குறித்திருந்த இடத்தில் அவ்வளவையும் நாங்களே எழுதியிருந்தோம்.

இனி, மீட்கும் முறையை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது, உடனே நிறுத்த வேண்டும். கேமராவை அணைத்துக் கார்டை வெளியே எடுத்துவிட வேண்டும். ‘ஒரே ஒரு படம்தானே’ என்று எடுப்பதும் ஆபத்து. இதன் பிறகே, அந்தக் காட்சிகள் கைப்பேசியிலோ கணினியிலோ இணையச் சேமிப்பிலோ ஏற்கெனவே இறக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கார்டை அடாப்டரில் செருகி, கார்டு ரீடர் வழியாகக் கணினியில் பொருத்த வேண்டும். மைக்ரோ எஸ்.டி. கார்டில் பூட்டு இல்லை. ஆனால் அதைச் செருகும் பெரிய அடாப்டரின் ஓரத்தில் சிறு விசை ஒன்று உண்டு. அதைப் பூட்டும் பக்கம் தள்ளினால் கணினி அதில் எதையும் எழுதாது. ‘இதை ஃபார்மேட் செய்யவா?’ என்று கணினி கேட்டால் ‘வேண்டாம்’ என்றே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, கார்டின் காலி இடங்கள் உட்பட முழுவதையும் அப்படியே கணினியில் ஒரு படி எடுத்துக் கொள்ள வேண்டும். 64 ஜிகாபைட் கார்டுக்கு அதே அளவு இடம் கணினியில் தேவை. பிறகு அந்தப் படியின் மேல்தான் வேலை செய்ய வேண்டும். கை தவறினாலும் மூலம் பத்திரமாக இருக்கும்.

நான்காவது, மீட்பு மென்பொருளை இயக்க வேண்டும். ஃபோட்டோரெக் என்பது கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதிய இலவச மென்பொருள். இது பதிவேட்டைப் பார்ப்பதேயில்லை. அலமாரிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, ஒவ்வொரு கோப்பு வகைக்கும் உரிய தொடக்க அடையாளத்தைக் கொண்டு கண்டுபிடிக்கிறது. அட்டை கிழிந்த நூலையும் முதற்பக்க நடையைக் கொண்டு அடையாளம் காணும் பழைய நூலகரைப் போன்றது. அதனால் கோப்புகளின் பழைய பெயர்கள் கிடைக்கமாட்டா. ரெக்குவா போன்றவை பதிவேட்டில் எஞ்சிய குறிப்பையும் பயன்படுத்துகின்றன. மீட்டதை ஒருபோதும் அதே கார்டில் சேமிக்கக் கூடாது.

ஐந்தாவது, மீண்டு வந்த காட்சி ஓடாவிட்டால் மனம் தளர வேண்டாம். எம்.பி.4 கோப்பில் காட்சி ஓரிடத்திலும், அதன் உள்ளடக்க அட்டவணை வேறோரிடத்திலும் இருக்கும். அந்த அட்டவணை பெரும்பாலும் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படுகிறது. அட்டவணை போனால் காட்சி இருந்தும் ஓடாது. அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல காட்சி ஒன்றை மாதிரியாகக் கொடுத்து அட்டவணையைத் திரும்பக் கட்டும் ‘அன்ட்ரங்க்’ போன்ற கருவிகள் உள்ளன.

ஆக்‌ஷன் கேமராக்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோப்ரோ போன்றவை பெரிய காட்சியை எழுதும்போதே, கைப்பேசியில் பார்ப்பதற்காகச் சிறிய நகல் ஒன்றையும் எழுதுகின்றன. இரண்டு நூல்களின் பக்கங்களை மாற்றி மாற்றி அடுக்கியது போல அவை கலந்துவிடக்கூடும். அதனால் பெரிய காட்சி துண்டு துண்டாக வருவதுண்டு. ஆயினும் சில வேளைகளில் அந்தச் சிறிய நகலே நமக்குக் கைகொடுக்கும். கார்டு வளைந்தோ உடைந்தோ போயிருந்தால் வீட்டில் முயலவே கூடாது. அது நிபுணர் வேலை. சில கருவிகள் ஃபார்மேட் செய்யும்போது உள்ளே இருப்பதை உண்மையாகவே துடைத்துவிடுவதும் உண்டு. அங்கே எந்த மென்பொருளாலும் பயனில்லை.

எங்களுக்கு என்ன கிடைத்தது? எட்டில் ஆறு காட்சிகள் முழுமையாக வந்தன. ஒன்று பழுதுபார்த்த பின் ஓடியது. காலையில் முதலாவதாகப் பதிவான பாட்டியின் பேச்சு மட்டும் வரவில்லை. கேமரா புதுப் பதிவை முதல் இடத்திலிருந்தே எழுதியிருக்கிறது. பாட்டி பேசிய இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

மேலெழுதியது மீளாது என்பதற்குப் பெரிய இடத்திலும் சான்று உண்டு. 1969-இல் மனிதன் நிலவில் இறங்கியபோது பதிவான மூல நாடாக்களைத் தேடிய அமெரிக்காவின் நாசா நிறுவனம், அவை அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்று 2009-இல் தெரிவித்தது. தொலைக்காட்சி நிலையங்களிலும் பிற இடங்களிலும் இருந்த நகல்களைக் கொண்டே அக்காட்சிகளைச் செப்பனிட்டார்கள். நகல் இருந்தால் பிழைத்தது என்பதற்கு நம் தமிழே சான்று. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல இடங்களிலிருந்து திரட்டிய ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டே அதைச் செய்தார். ஓர் ஏட்டைச் செல் அரித்தாலும் இன்னோர் ஏடு வேறொரு வீட்டுப் பரணில் இருந்தது. ஆகவே படம் எடுத்த அன்றே இரண்டு இடங்களில் படி எடுத்து வைப்பதே எல்லா மென்பொருளிலும் சிறந்தது.

தோழியரே, இதில் எச்சரிக்கை ஒன்றும் அடங்கியிருக்கிறது. நாம் அழித்ததை நாம் மீட்க முடியும் என்றால், பிறராலும் மீட்க முடியும் அன்றோ? குடும்பப் படங்கள் இருந்த கார்டை, ‘எல்லாம் அழித்தாயிற்று’ என்று எண்ணி முன்பின் தெரியாதவரிடம் கொடுப்பதும் விற்பதும் கூடாது. கொடுத்தே ஆக வேண்டுமானால் விண்டோஸ் கணினியில் ‘விரைவு ஃபார்மேட்’ என்பதை நீக்கிவிட்டு முழு ஃபார்மேட் செய்ய வேண்டும். அது இடம் முழுவதையும் மேலெழுதிவிடும். மீட்புக்காகவும் கார்டைக் கண்ட கடையில் தனியே விட்டுவராமல், வீட்டுப் பெரியவர்களோடு சென்று உடனிருந்து பார்ப்பது நல்லது. இதைப் பெற்றோரும் கவனிக்கும்படி வேண்டுகிறோம். அதுபோல், பிறர் கார்டு நம் கையில் கிடைத்தால் அவர்கள் அழித்ததைத் தோண்டிப் பார்ப்பதும் நமக்கு அழகன்று.

பின்னர் நாங்கள் நால்வரும் ஆசிரியையுடன் அந்தப் பாட்டியின் வீட்டைத் தேடிச் சென்று நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். “இதுக்கா அழுவுறீங்க கண்ணுங்களா? இன்னொரு தடவ சொன்னா ஆச்சு” என்று சிரித்தபடி மீண்டும் பேசினார். ஆனால் முதல் நாள் கைதவறி உடைந்த பொம்மையைப் பற்றி முன்பு சொன்னது இம்முறை வரவில்லை. கேட்டபோது, “அப்பிடியா சொன்னேன்?” என்றார். எங்களில் ஒருத்தி பாதியை நினைவு வைத்திருந்தாள். மறு பாதி ஒருவருக்கும் நினைவில்லை.

அன்றே மூன்று படிகள் எடுத்தோம். ஒன்று பள்ளிக் கணினியில் இருக்கிறது. ஒன்று நூலகத்தில் இருக்கிறது. மூன்றாவது பாட்டியின் பேரனுடைய கைப்பேசியில் இருக்கிறது. பிழை நேர்ந்த பேருந்திலேயே எழுந்து நின்று ‘சிஸ்டர், தவறு நடந்துவிட்டது’ என்று சொல்லியிருந்தால் அந்த உடைந்த பொம்மையின் கதையும் இன்று நம்மிடம் இருந்திருக்கும். அழித்தது எங்கள் கைத்தவறு. இழந்தது எங்கள் மௌனத்தால். எனவே தவறு நேர்ந்தால், முதலில் கையை நிறுத்துவோம். அடுத்து வாயைத் திறப்போம்.

— அறிவியல் மன்ற மாணவியர்,
மேனிலை முதலாம் ஆண்டு