இரண்டு புள்ளியும் ஒரு வாரமும்

2017 ஜூலை கடைசியில் பெங்களூரில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பைக் கூடைப்பந்துப் போட்டியின் ‘பி’ பிரிவு இறுதியாட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75–73 என்று வென்றது. அந்த வெற்றிக்குக் கோப்பையோடு இன்னொரு பரிசும் உண்டு. ஆசியாவின் முதல் எட்டு அணிகள் ஆடும் ‘ஏ’ பிரிவுக்கு அடுத்த முறை ஏறிக்கொள்ளலாம். ஏறுவது ஒரே ஓர் அணிதான். இரண்டாவதாக வருகிற அணி அடுத்த இரண்டு ஆண்டும் கீழேயே இருக்க வேண்டும்.

அந்தப் போட்டி ஜூலை 23 முதல் 29 வரை ஏழே நாளில் முடிந்தது. ஆஸ்திரேலியாவும் நியூஸிலாந்தும் ஆசிய அணிகளோடு சேர்ந்து ஆடியது அதுவே முதல் தடவை. ‘ஏ’ பிரிவின் இறுதியாட்டத்தில் ஜப்பான் ஆஸ்திரேலியாவை 74–73 என்று தோற்கடித்தது. ஒரே ஊரில், ஒரே வாரத்தில், மேலும் கீழுமாக இரண்டு கோப்பைகளும் ஒரு கூடைக்கு மிஞ்சாத இடைவெளியில் கைமாறின என்று சொல்லிவிடலாம்.

இந்தியாவுக்குக் கஜகஸ்தான் புதிய எதிரி இல்லை. 2013இல் பாங்காக்கில் நடந்த ஆசியச் சாம்பியன்ஷிப்பில் அதே அணியை வென்றுதான் இந்தியா ஐந்தாம் இடம் பிடித்தது. ஜப்பான், தென்கொரியா, சீனா, சீன தைபே நான்கும் எட்டாத உயரத்தில் நிற்க, அவற்றுக்கு அடுத்த படி இந்தியாவுடையது. அந்தப் படியில் அதிக நாள் நிற்க முடியவில்லை. 2015இல் சீனாவின் ஊகான் நகரில் நடந்த அடுத்த போட்டியில் மேல்பிரிவு கைவிட்டுப் போனது. பெங்களூரில் நடந்தது, இழந்த இடத்தைத் திரும்பப் பிடிக்கும் முயற்சி.

75–73 என்பதை ஆட்டத்துக்குள் போய்ப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். கூடைப்பந்தில் பத்து பத்து நிமிடமாக நான்கு பகுதி, மொத்தம் நாற்பது நிமிடம். பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பக்கத்திலிருந்து போட்டால் இரண்டு புள்ளி, 6.75 மீட்டர் வளைவுக்கோட்டுக்கு வெளியே நின்று போட்டால் மூன்று. எறிகிற கையை எதிரணி இடித்துவிட்டால் ஃப்ரீ த்ரோ கிடைக்கும். 4.6 மீட்டர் தூரத்தில் யாரும் மறிக்காமல் தனியாக நின்று போடுவது அது. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மைதானத்திலேயே சுலபமான எறிதல் அதுதான் என்று பார்வையாளருக்குத் தோன்றும். நாற்பதாவது நிமிடத்தில், மூச்சு இரைக்க, தொடை நடுங்க, அந்தக் கோட்டில் போய் நிற்பவருக்கு அப்படித் தோன்றாது.

இரு அணிகளும் சேர்ந்து 148 புள்ளி எடுத்த ஆட்டத்தில் இரண்டு புள்ளி என்றால், முதல் பகுதியில் தவறவிட்ட இரண்டு ஃப்ரீ த்ரோ. அல்லது யாரும் கவனிக்காத நேரத்தில் கைநழுவி வெளியே உருண்ட ஒரு பந்து. இப்படி நெருங்கி ஓடும் ஆட்டத்தில் கடைசி இரண்டு நிமிடம் வேறொரு விளையாட்டாகவே மாறிவிடும். முன்னால் இருக்கும் அணி 24 விநாடியையும் கரைக்கப் பார்க்கும். பின்னால் இருக்கும் அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்து கடிகாரத்தை நிறுத்தும். எந்த ஆட்டக்காரர் ஃப்ரீ த்ரோவில் பலவீனம் என்று முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு, பந்து அவர் கைக்குப் போகும்வரை காத்திருந்து பிடிப்பார்கள். கோச்சின் கையில் மிச்சமிருக்கும் டைம் அவுட் ஒவ்வொன்றும் அப்போது பொன். இந்த இரண்டு நிமிடத்தைப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்க முடியும், பழக்கிவிட முடியாது. பழகுவதற்கு அதே மாதிரியான ஆட்டங்கள் நிறைய வேண்டும். இந்தியக் கூடைப்பந்தின் பழைய தொல்லையே அங்கேதான் இருக்கிறது.

இந்த விளையாட்டு பிறந்ததே ஒரு கல்லூரியில். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி மாணவர்களுக்குப் பனிக்காலத்தில் கூரைக்குக் கீழே ஆட ஏதாவது வேண்டும் என்று ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடைகளை மாடத்தில் மாட்டி 13 விதிகளை எழுதினார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்து வெளியேறிய பி.டி. வாத்தியார்கள் தென்னிந்தியப் பள்ளி மைதானங்களுக்கு விசிலோடு கூடைப்பந்தையும் கொண்டுபோனார்கள். 1934இல் டெல்லியில் முதல் தேசியப் போட்டி நடந்தது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றிலும் கூடைப்பந்து இன்றுவரை கல்வி வளாகத்து விளையாட்டாகவே இருப்பதற்கு இந்தப் பிறப்பும் ஒரு காரணம். கிரிக்கெட்டைப் போலத் தெருவிலும் வயல்வெளியிலும் அது வளரவில்லை. சிமென்ட் தரையும் இரண்டு கம்பமும் இருக்கிற இடத்தில்தான் வளரும். அவை இருந்தது பள்ளியிலும் கல்லூரியிலும்தான்.

பெண்களுக்கு இந்த வழி இன்னும் குறுகலானது. உயரமாக வளரும் சிறுமியை ஏழாவது எட்டாவது படிக்கும்போதே பி.டி. டீச்சர் கண்டுபிடிப்பார். அரசு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால் சாப்பாடும் பயிற்சியும் உறுதி. பிறகு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி: ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் உண்டு, பதிலுக்குக் காலை ஐந்தரைக்கும் மாலை நாலரைக்கும் கோர்ட்டில் நிற்க வேண்டும். கல்லூரி முடியும்போது ரயில்வே, கேரள மின்வாரியம் போன்ற நிறுவனங்களின் அணியில் வேலை கிடைத்தால் ஆட்டம் தொடரும். கிடைக்காவிட்டால் 21 வயதில் ஷூவைக் கழற்றி வைக்க வேண்டியதுதான். இந்திய மகளிர் அணிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு வகையில் இந்த ஏணியில் ஏறி வந்தவர்கள்.

கோட்டயம் பக்கத்துக்காரரான கீது அன்னா ஜோஸ் சங்ஙனாசேரி அசம்ப்ஷன் கல்லூரியில் ஆடி, தெற்கு ரயில்வேக்கு வந்து, ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்காக ஆடினார். 2011இல் அமெரிக்காவின் மகளிர் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் அணிகள் அவரைத் தேர்வுக்கு அழைத்துப் பார்த்தன. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரையும் தெற்கு ரயில்வேதான். ஏறக்குறைய 18 ஆண்டுகள் இந்தியாவுக்காக ஆடி, ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப்புகளில் கலந்துகொண்டவர். பெங்களூரில் 75–73 என்று முடிந்தபோது அணியில் இருந்தவர்களில் அவரே மூத்த தலைமுறை. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது, கூடைப்பந்து ஆடும் ஒரு பெண் இத்தனை காலம் நம் நகரத்திலேயே இருந்தாரா என்று சென்னையில் பலர் அன்றுதான் விசாரித்தார்கள்.

ஏணி இருக்கிறது, அதில் ஆட்டங்கள் குறைவு. அமெரிக்கக் கல்லூரி அணிக்கு ‘சீசன்’ என்றால் நவம்பரில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை ஓடும் ஐந்து மாதம். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் மகளிர் அணி 2015–16 சீசனில் 38 ஆட்டம் ஆடி 38லும் வென்று, தொடர்ந்து நான்காவது முறையாகத் தேசியக் கோப்பையை எடுத்தது. அந்த வெற்றிகளை விடவும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டியது 38 என்ற ஆட்டக் கணக்கை. அங்கே பதினெட்டு வயதுப் பெண் நான்கு ஆண்டு படித்து முடிப்பதற்குள் நூறுக்கும் மேற்பட்ட முழு ஆட்டங்களைப் பார்த்துவிடுகிறார். அவற்றில் இரண்டு புள்ளியில் முடிகிறவையும் கணிசமாக இருக்கும்.

இந்தியப் பல்கலைக்கழக அணிக்குச் சீசன் என்றால் ஒரு வாரம். கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் கண்ணில் பட்டவர்களைப் பொறுக்கிப் பல்கலைக்கழக அணி சேர்ப்பார்கள். ஒரு சிறிய கேம்ப் நடக்கும். பிறகு முன்பதிவு உறுதியாகாத ரயில் டிக்கெட்டோடு தென்மண்டலப் போட்டிக்குப் பயணம். மண்டலத்தில் முதலில் நாக் அவுட். கடைசி நான்கு அணிகளுக்கு மட்டும் லீக். முதல் நாள் காலை எட்டு மணி ஆட்டத்தில் தோற்றால் அந்த ஆண்டு அதோடு சரி. மண்டலத்தில் மேலே வந்த அணிகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். அங்கேயும் ஒரு வாரம். நன்றாக ஆடும் அணிக்குக்கூட ஆண்டில் பல்கலைக்கழகத்தின் பெயரில் பத்துப் பதினைந்து ஆட்டம் தேறினால் பெரிது. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் பெங்களூரிலும் நடக்கும் அழைப்புப் போட்டிகள் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகின்றன. அந்த ஊர்களிலிருந்தே திரும்பத் திரும்ப ஆட்டக்காரர்கள் வருவதும் தற்செயல் இல்லை.

2020இல் புவனேஸ்வரில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் இந்த ஏணியில் ஒரு படியைக் கூட்டின. அதன் இரண்டாவது பதிப்பு கொரோனாவால் தள்ளிப்போய் 2022 ஏப்ரல் 24 முதல் மே 3 வரை பெங்களூரில் நடந்தது. ஜெயின் பல்கலைக்கழகம் அதை நடத்தியது; 20 தங்கத்தோடு பதக்கப் பட்டியலில் முதலிடமும் அதற்கே கிடைத்தது. கூடைப்பந்தும் அதில் ஒரு விளையாட்டு. தொலைக்காட்சி கேமரா, நல்ல மரத்தளம், கல்லூரி மாணவர்களுக்கு இதுவரை பழக்கமில்லாத தங்குமிட வசதி எல்லாம் வந்தன. போட்டியின் நீளம் மட்டும் பழையபடி அதே ஒரு வாரம், பத்து நாள்.

பெங்களூருக்கு இந்த விளையாட்டில் ஒரு தனி இடம் உண்டு. கப்பன் பூங்காவை ஒட்டி, 17ஆம் நூற்றாண்டு மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜ உடையாரின் பெயரைத் தாங்கி நிற்கும் ஸ்ரீ கண்டீரவ உள்விளையாட்டு அரங்கம், 2017 முதல் ஆசிய மகளிர் போட்டிகளுக்கு ஏறக்குறைய நிரந்தர விலாசமாகிவிட்டது. பெரியவர்கள் போட்டி, 16 வயதுக்கு உட்பட்டோர் போட்டி, 18 வயதுக்கு உட்பட்டோர் போட்டி என்று அடுத்தடுத்து இந்த ஊருக்கே வந்தன. ஆகவே 2017இல் ஏறிய இந்தியா ‘ஏ’ பிரிவில் தன் முதல் ஆட்டத்தை ஆட வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை. 2019 செப்டம்பரில் ஆசியக் கோப்பை மறுபடி பெங்களூருக்கே வந்தது.

அந்த வாரம் கசப்பாக முடிந்தது. இந்தியா ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. எட்டு அணிகளில் எட்டாவது இடம். ஜப்பான் சீனாவை 71–68 என்று வென்று தொடர்ந்து நான்காவது முறையாகக் கோப்பையை எடுத்தது. 2021இல் ஜோர்டானின் அம்மான் நகரில் நடந்தது இன்னும் மோசம். முதல் ஆட்டத்தில் ஜப்பானிடம் 46–136. வித்தியாசம் 90 புள்ளி. அதே ஜப்பான் சில வாரங்களுக்கு முன்புதான் டோக்கியோ ஒலிம்பிக் இறுதியாட்டம்வரை போய் அமெரிக்காவிடம் தோற்று வெள்ளி வாங்கியிருந்தது. இந்திய வீராங்கனைகளோ கொரோனாக் காலத்தில் உள்நாட்டுப் போட்டி எதுவும் இல்லாமல் நேரே அங்கே போய் நின்றார்கள். இந்தியா மீண்டும் ‘பி’ பிரிவுக்கு இறங்கியது.

உயரம் போதாது என்று வழக்கமாக ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு. ஜப்பானைப் பார்த்தால் அது நிற்காது. ஆசிய வெற்றிகளையும் ஒலிம்பிக் வெள்ளியையும் எடுத்த ஜப்பான் அணி, உலக அளவில் குட்டையான அணிகளில் ஒன்று. வேகமாக ஓடுவது, வளைவுக்கோட்டுக்கு வெளியிலிருந்து ஓயாமல் எறிவது, பந்து எதிரணியிடம் போன நொடியே மறித்து நிற்பது என்று உயரத்தைச் சுற்றிக்கொண்டு போகும் ஆட்டத்தை அது வகுத்துக்கொண்டது. அந்த ஆட்டத்துக்கு ஐந்து பேரும் ஒருவர் மனதை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். அதற்கு லீக் வேண்டும். ஆஸ்திரேலியாவில் மகளிர் லீக் 1981இலேயே வந்துவிட்டது. தென்கொரியாவில் 1998இலும் சீனாவில் 2002இலும் தொடங்கியது. ஜப்பானில் நிறுவன அணிகள் மாதக்கணக்கில் மோதும் லீக் நெடுங்காலமாக நடக்கிறது. கடைசி இரண்டு நிமிடத்தை அவர்கள் அங்கேதான் பழகுகிறார்கள். இந்தியாவில் 2017 அணி பெங்களூருக்கு வந்தது தேசிய முகாமிலிருந்து. முகாமில் தினமும் எதிரே நிற்பது தன் அணிக்காரர்தான். அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பது முன்பே தெரிந்துவிடும்.

இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது 75–73 இன்னும் பெரிதாகத் தெரிகிறது. ஆண்டுக்குச் சில வாரமே முழு ஆட்டம் ஆடக் கிடைத்தவர்கள், நாற்பது நிமிடம் இழுத்துப் பிடித்து, கடைசியில் ஒரு கூடை முன்னால் வந்து நின்றார்கள். அந்த வெற்றியை அதிர்ஷ்டம் என்று சொல்வது நியாயமாகாது. 2019இலும் 2021இலும் தோற்றதற்கு அந்தப் பெண்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. மண்டலப் போட்டியை நாக் அவுட்டாக ஒரு வாரத்தில் முடிப்பதை விட்டு, பக்கத்துப் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் சனி ஞாயிறுகளில் மாறி மாறி ஆடும் நான்கு மாத லீக்காக மாற்றினால் பெரிய செலவு ஆகாது. பெங்களூரு, மைசூரு, சேலம், கோயம்புத்தூர், சென்னை எல்லாம் ஓர் இரவுப் பயண தூரம்தான். கோர்ட்டுகளும் இருக்கின்றன, ஆட்டக்காரர்களும் இருக்கிறார்கள்.

2023இல் சிட்னியில் ‘ஏ’ பிரிவு இறுதியாட்டம் நடந்தது. சீனா ஜப்பானை 73–71 என்று வென்றது. அந்த எட்டு அணிகளில் இந்தியா இல்லை.