காதால் ஓட்டிய லாரி

பழைய லாரி டிரைவர் ஒருவரிடம் அந்தக் காலத்து வண்டிகளைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் எந்த டீக்கடை பெஞ்சிலும் ஒருவர் அகப்படுவார். பேச்சு மலையேற்றத்துக்கு வந்ததும் அவருடைய இடது கால் தரையை ஒரு தடவை மிதிக்கும், விடும், உடனே மறுபடியும் மிதிக்கும். இடது கை காற்றில் ஒரு தண்டைப் பிடித்து நடுவில் கணநேரம் நிறுத்தி, பிறகு பின்னால் இழுக்கும். வண்டியை விட்டு எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் இந்த வரிசை பிசகாது. டிரைவர்கள் இதை 'டபுள் கிளட்ச்' என்பார்கள். இன்று லாரி ஓட்டும் இளைஞர்கள் பலருக்கு இதற்கான தேவையே வந்ததில்லை.

ஒரு கிளட்சை எதற்காக இரண்டு தடவை மிதிக்க வேண்டும்? அந்த கியர்பாக்ஸுக்குள் நடந்ததைப் பார்த்தால்தான் அந்தத் தலைமுறை டிரைவர்கள் எவ்வளவு நுட்பமான வேலையைச் சாதாரணமாகச் செய்தார்கள் என்று தெரியும்.

கியர்பாக்ஸில் பற்சக்கரங்கள் இரண்டு தரப்பாக நிற்கின்றன. ஒரு தரப்பு கிளட்ச் வழியாக இஞ்சினோடு சேர்ந்தது. இன்னொரு தரப்பு பின்சக்கரங்களோடு சேர்ந்தது. கியர் போடுவது என்றால் இந்த இரண்டையும் பல்லோடு பல் பூட்டுவது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் பற்கள் சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். வேகம் வித்தியாசப்பட்டால் 'கர்ர்ர்' என்று அரைபடும், லேசில் உள்ளே போகாது.

ஒரு கணக்கு போடுவோம். நான்காவது கியரில் சக்கரத் தண்டு ஒரு சுற்று சுற்ற இஞ்சின் 1.5 சுற்று சுற்றுகிறது, மூன்றாவதில் 2.5 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் வண்டி திணறுகிறது, இஞ்சின் நிமிடத்துக்கு 1200 சுற்றுக்கு இறங்கிவிட்டது. மூன்றாவது கியருக்கு வர வேண்டும். அதே சாலை வேகத்தில் மூன்றாவது கியர் பூட்டிக்கொள்ள இஞ்சின் தரப்பு 2000 சுற்றில் இருந்தாக வேண்டும். கிளட்சை மிதித்துவிட்டால் அந்தப் பற்சக்கரங்கள் இஞ்சினிலிருந்து அறுபட்டு வேகம் குறையத்தான் செய்யும், அதிகரிக்காது. ஆகவே டிரைவர் முதலில் கிளட்சை மிதித்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவருகிறார். கிளட்சை விடுகிறார். இப்போது இஞ்சினும் உள்ளே இருக்கும் பற்சக்கரங்களும் மறுபடி ஒன்றாகச் சுற்றுகின்றன. ஆக்சிலரேட்டரை ஒரு மிதி. இஞ்சின் எகிறி 2000 சுற்றை எட்டும் அந்தக் கணத்தில் இரண்டாவது தடவை கிளட்ச், மூன்றாவது கியர். தாமதித்தால் போச்சு. ஏற்றத்தில் வண்டி அதற்குள் வேகம் இழந்துவிடும், போட்ட கணக்கும் மாறிவிடும்.

இந்த 2000 சுற்றை எதைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள்? காதால்தான். ஆறு சிலிண்டர் உள்ள நான்கு-வீச்சு இஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று சிலிண்டர்கள் வெடிக்கும். 1200 சுற்றில் வினாடிக்கு 60 வெடிப்பு, 2000 சுற்றில் 100. காதில் விழும் ஆதார ஒலியின் அதிர்வெண்ணும் அதுதான். 60க்கும் 100க்கும் உள்ள விகிதம் மூன்றுக்கு ஐந்து. நம் சங்கீதத்தில் சட்ஜத்திலிருந்து சதுச்ருதி தைவதத்துக்கு உள்ள தூரம் அது! கியர்பாக்ஸுக்கு கியர்பாக்ஸ் விகிதம் மாறும், ஆனால் ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் ஒரு குறிப்பிட்ட சுர இடைவெளி உண்டு என்பது மாறாது. ஸ்வரம் படிக்காத ஒருவர், இரவு இரண்டு மணிக்கு, கொட்டும் மழையில், அந்த இடைவெளியைச் சரியாகப் பிடித்து நிறுத்தினார். அதுவும் ஒரே பயணத்தில் நூற்றுக்கணக்கான தடவை.

பற்களைப் பூட்டும் முன் கூம்பு வடிவ உராய்வு வளையம் ஒன்றை அழுத்தி இரண்டு தரப்பின் வேகத்தையும் தானாகவே சமப்படுத்தி, டபுள் கிளட்சைத் தேவையற்றதாக்கிய ஏற்பாடு சிங்க்ரோமெஷ். 1928இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் அது வந்தது. லாரிகளுக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. லாரியின் பற்சக்கரங்கள் கனமானவை. அவற்றின் வேகத்தை மாற்ற அந்தச் சின்ன வளையம் அதிகம் உழைக்க வேண்டும், சீக்கிரம் தேய்ந்தும் போகும். அமெரிக்காவின் பெரிய நெடுந்தூர லாரிகளில் சிங்க்ரோமெஷ் இல்லாத கியர்பாக்ஸ்கள் இன்றும் ஓடுகின்றன.

நம் ஊர்ச் சாலைகளில் இந்தக் கதை இரண்டு வண்டிகளோடு தொடங்குகிறது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. அதன் எண்ணூர் ஆலையிலிருந்து வந்த லேலண்ட் கோமெட் ஒன்று. 1954இல் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் செய்யத் தொடங்கிய டாடா-மெர்சிடிஸ் பென்ஸ் இன்னொன்று. முன்னால் மூக்கு நீண்டு, அதன் நுனியில் மூன்று முனை நட்சத்திரத்தோடு வந்த வண்டி அது. 1969இல் ஒப்பந்தம் முடிந்தது, நட்சத்திரம் போனது. பெரியவர்கள் பலர் அதற்குப் பிறகும் டாடா லாரியை 'பென்ஸ்' என்றுதான் சொல்லிவந்தார்கள்.

பின்னால் வந்த டாடா 1210 என்ற பெயரிலேயே அந்தக் காலத்தின் பௌதிகம் அடங்கியிருக்கிறது. சுமையோடு மொத்த எடை 12 டன், இஞ்சின் சுமார் 100 குதிரைத்திறன். இருபதுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில், அதாவது 20 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும் சாலையில், 12 டன்னை 100 குதிரைத்திறன் எவ்வளவு வேகத்தில் இழுக்கும்? சக்கர உராய்வையும் கியர்பாக்ஸில் போகும் இழப்பையும் கழித்துப் பார்த்தால் மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அதுவும் இஞ்சின் முழுமூச்சாக உழைத்தால். மலைப்பாதையில் பழைய லாரி ஊர்ந்து போனதற்கு டிரைவரின் மெத்தனம் காரணமில்லை. கிளீனர் கையில் மரக்கட்டையோடு கூடவே நடந்து வந்து, வண்டி நின்றால் பின்சக்கரத்துக்குக் கட்டை போட்டதையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த இஞ்சின்களின் 'கடகட' சத்தத்துக்கும் காரணம் உண்டு. டீசல் இஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அதன் கன அளவில் பதினாறில், இருபதில் ஒரு பங்காக நசுக்குகிறார்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைப் போல, நசுங்கிய காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆனால் உடனே பற்றாது. வினாடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரம் பிடிக்கும். அதற்குள் உள்ளே சேர்ந்துவிட்ட டீசல் முழுவதும் ஒரே அடியாக எரிவதால் ஒரு தட்டு விழுகிறது. விடியற்காலைக் குளிரில் இந்தத் தாமதம் அதிகம், அதனால் சத்தமும் அதிகம். இஞ்சின் சூடாகி, சுமை இழுக்கத் தொடங்கியதும் தட்டல் குறைந்து முழக்கமாக மாறும். ஒரு இஞ்செக்டர் சரியில்லை என்றால் ஆறு தட்டலில் ஒன்று பிசகும். அனுபவசாலி டிரைவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்ப்பார். இன்றைய 'காமன் ரயில்' வகை டீசல் இஞ்சின் முதலில் துளி டீசலைத் தெளித்துப் பற்றவைத்துவிட்டு, பிறகே மீதியைத் தெளிக்கிறது. தட்டல் அடங்கிவிட்டது. பிழை வந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்-6 வண்டிகளின் புகை அந்தக் காலத்துப் புகையோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குச் சுத்தம். ஊருக்கு நல்லதுதான்.

காது இஞ்சினுக்கு மட்டும் பயன்படவில்லை. வண்டி எங்கே நின்றாலும் கிளீனர் ஒரு இரும்புக் கம்பியோடு இறங்கி ஒவ்வொரு டயரையும் ஒரு தட்டு தட்டிக்கொண்டே சுற்றி வருவார்.

"அண்ணா, இடது பக்கம் உள் டயர் தொப்புன்னு கேக்குதுங்ணா."

"ஜாக்கிய எடு தம்பி. இப்படியே போனா வெளி டயரும் வெடிச்சிரும்."

பின்னால் இரட்டை டயர். உள்ளே இருப்பதில் காற்று இறங்கினாலும் வெளி டயர் சுமையைத் தாங்கிக்கொள்வதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. காற்று நிறைந்த டயரின் சுவர் விறைப்பாக இருக்கும், கம்பி துள்ளித் திரும்பும், ஒலி கணீரென்று வரும். காற்று இறங்கிய டயர் அடியை அப்படியே விழுங்கிவிடும். இரண்டு டயரின் சுமையைச் சுமக்கும் வெளி டயர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி நசுங்கி விரிகிறது. நசுங்கும்போது வாங்கும் ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. மீதி சூடாக மாறுகிறது. மே மாத வெயிலில் டயர் வெடிக்க அந்தச் சூடு போதும்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் பயங்கரம். 12 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 1 கோடியே 18 லட்சம் ஜூல். சுமார் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். அவ்வளவும் பிரேக் டிரம்களில் இறங்கினால் டிரம் சூடாகி விரிந்து லைனிங்கிலிருந்து விலகும், லைனிங்கின் பிடிப்பும் குறையும். பெடல் இருக்கும், பிரேக் இருக்காது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயும், 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பமும் இதை எத்தனையோ டிரைவர்களுக்குக் கற்றுக்கொடுத்தன. அதனால்தான் 'எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு' என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். இஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். சிங்க்ரோமெஷ் இல்லாத வண்டியில் பாதி இறக்கத்தில் கியரை மாற்றப் போய் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால், சக்கரம் வேகம் எடுக்க எடுக்க எந்த கியரும் விழாது. முடிவை மேலேயே எடுத்தாக வேண்டும்.

இந்த ஆபத்து ஒரு நல்ல கண்டுபிடிப்பையும் தந்தது. 1931இல் டீசல் இஞ்சினின் பெருமையைக் காட்ட அமெரிக்காவின் கிளெஸ்ஸி கம்மின்ஸ் ஒரு லாரியை நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை கொண்டுபோனார். கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கும்போது பிரேக் போய்விட்டது. கீழே தண்டவாளத்தில் சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது கடந்து முடிந்த மறுகணம் லாரி தண்டவாளத்தைத் தாண்டியது. உயிர் தப்பிய கம்மின்ஸ் அதை மறக்கவே இல்லை. சிலிண்டரில் காற்றை நசுக்க இஞ்சினைப் பாடுபட வைத்து, நசுங்கிய காற்று திரும்பித் தள்ளுமுன் வெளிவால்வைத் திறந்துவிடும் ஒரு பிரேக்கைப் பிற்காலத்தில் வடிவமைத்தார். 1961இல் அது விற்பனைக்கு வந்தது. 'ஜேக் பிரேக்' என்று இன்று உலகம் அறிந்தது அதுதான்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். சேசிஸை மட்டும் வாங்கிவந்து நாமக்கல் பட்டறைகளில் மரத்தாலும் தகரத்தாலும் கட்டிய கேபின் அழகுதான். ஆனால் பக்கத்திலேயே இஞ்சின் தகித்துக்கொண்டிருக்கும். பவர் ஸ்டீயரிங் கிடையாது, தோள்பட்டைதான் பவர். ஓயாத இரைச்சல் முதலில் தின்பது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கேட்கும் திறனை. எந்தக் காதை நம்பி ஓட்டினார்களோ அந்தக் காதையே வண்டி வாங்கிக்கொண்டது. வாரக்கணக்கில் வடக்கே போனவரைப் பற்றி வீட்டுக்குத் தெரிய ஒரு ட்ரங்க் கால் வர வேண்டும். 2025 முதல் புதிய லாரி கேபின்களில் ஏசி கட்டாயம். அறுபது வருடம் தாமதமாக வந்த நியாயம் அது.

பிறகு ஏன் பழைய டிரைவர்கள் அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிறார்கள்? மூளை ஆராய்ச்சி தரும் பதில் எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. மூளை அறுவைக்குப் பின் புதிய நினைவு எதுவும் தங்காமல் போன ஒரு நோயாளியை, கண்ணாடியில் பிம்பத்தைப் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தின் மேல் கோடு போட்டுப் பழகச் செய்தார் உளவியலாளர் பிரெண்டா மில்னர். மூன்று நாளும் நோயாளியின் கை தேறிக்கொண்டே வந்தது. முந்தைய நாள் அதைச் செய்ததே அவருக்கு நினைவில்லை. 1962இல் வெளியான இந்த முடிவு, கை கால்களின் திறமைக்கு மூளையில் தனி வழி இருப்பதைக் காட்டியது. கிளீனராக ஏறி, பல வருடம் கேட்டுக் கேட்டு, ஒரு நாள் ஸ்டீயரிங்கைப் பிடித்தவருக்கு டபுள் கிளட்ச் அந்த வழியில்தான் பதிந்திருக்கிறது. சொல்லித் தரச் சொன்னால் தடுமாறுவார், செய்துகாட்டச் சொன்னால் கால் தானாகப் போகும். அதைக் காட்ட இன்று அவருக்கு ஒரு வண்டி கிடைப்பதில்லை என்பதுதான் அந்த ஏக்கத்தில் பெரும்பகுதி.

கோயம்புத்தூரில் பழைய கார்களுக்கென்று ஜி.டி. அருங்காட்சியகம் இருக்கிறது. நாமக்கல்லுக்கு லாரிகளுக்கான ஒரு காட்சிக்கூடம் வேண்டும். ஒரு கோமெட், ஒரு பென்ஸ், ஒரு 1210, பல் தெரியும்படி அறுத்துவைத்த ஒரு கியர்பாக்ஸ், ஓட்டிக்காட்ட நான்கு பெரியவர்கள். லாரி உரிமையாளர் சங்கங்களும் பொறியியல் கல்லூரிகளும் மனது வைத்தால் முடியும். அதுவரை, உங்கள் வீட்டில் பழைய டிரைவர் ஒருவர் இருந்தால் செல்போன் கேமராவை அவருடைய காலுக்கு நேராக வைத்து, தொப்பூர் இறக்கத்தில் எப்படி இறங்கினார் என்று கேட்டுப் பதிவு செய்து வையுங்கள்.