பேக்கப் ஓடியதா, யார் பார்த்தீர்கள்?

2017 ஜனவரி 31. கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணை சர்வரில் அழிக்க வேண்டிய டேட்டாபேஸ் ஃபோல்டரைத் தவறுதலாகப் பிரதான சர்வரில் அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். தினசரி பேக்கப்பைத் தேடிப் போனால், அங்கே ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2. பதிப்பு பொருந்தாமல் வேலை தினமும் தொடக்கத்திலேயே நின்றுபோயிருக்கிறது. அதைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் சரியான கையொப்பம் இல்லையென்று நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. வேறொரு வேலைக்காக அதே பொறியாளர் சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த நகல்தான் கைகொடுத்தது. இத்தனையையும் அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது. எத்தனை பேர் அப்படிச் செய்வார்கள்?

தோல்வி அடைந்தால் மெயில் வரும், வராததால் எல்லாம் நலம் என்று நாமும் இருந்துவிடுகிறோம். ஏற்பாடு தலைகீழாக இருக்க வேண்டும். வெற்றி பெற்றால் தகவல் வரட்டும். ஒரு நாள் வராவிட்டால் யாராவது ஒருவர் எழுந்து போய்ப் பார்க்கட்டும்.

லினக்ஸ் சர்வரில் பேக்கப் வேலையைக் குறித்த நேரத்தில் தொடங்கிவைப்பது கிரான். நீங்கள் திரையில் தட்டினால் ஓடும் ஸ்கிரிப்ட், கிரானில் ஓடாமல் போவது சகஜம். உங்களுக்குத் தெரியும் பாதைகள் அதற்குத் தெரியாது. நிரல்களின் முழு முகவரியையும் எழுத வேண்டும். கோப்பின் பெயரில் தேதி சேர்க்க % குறி போட்டால், கிரான் அதைப் புதிய வரியாக எடுத்துக்கொள்ளும். முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு அவசியம். சர்வர் கடிகாரம் யூடிசியில் இருந்தால் இரவு 2 மணி என்று குறித்தது நமக்குக் காலை 7.30. கரண்ட் மிச்சம் என்று இரவில் சர்வரை அணைக்கும் அலுவலகத்தில் கேட்கவே வேண்டாம், தவறிய வேலையைக் கிரான் பிறகு செய்யாது. விண்டோஸ் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றியவுடன் டாஸ்க் ஷெட்யூலரில் உள்ள வேலை நின்றுவிடக்கூடும்; பழைய பாஸ்வேர்டுதான் அதில் பதிந்திருக்கிறது. இசட் டிரைவ் என்று மேப் செய்த இடமும் பெரும்பாலும் அதன் கண்ணில் படாது. நெட்வொர்க் முகவரியை முழுதாகக் கொடுங்கள்.

இவற்றைவிட மோசமானது ஓடியதுபோல் நடிக்கும் பேக்கப். மைஎஸ்க்யூஎல் டேட்டாவை எடுத்து நேராகச் சுருக்கும் நிரலான ஜிஜிப்புக்கு அனுப்பும் ஸ்கிரிப்ட்களில், முதல் நிரல் தோற்றாலும் ஜிஜிப் தன் வேலையை முடித்து 'வெற்றி' என்று சொல்லிவிடும். ஃபோல்டரில் தேதி வாரியாக அழகாகக் கோப்புகள் அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றும் 20 பைட். உள்ளே எதுவும் கிடையாது. அதே ஸ்கிரிப்டில் 30 நாளுக்கு மேற்பட்டதை அழிக்கும் வரியும் இருந்தால், ஒரு மாதத்தில் கடைசி நல்ல நகலும் காலி. ஆகவே தேதியைப் பார்க்காதீர்கள், அளவைப் பாருங்கள். மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்தும் பாருங்கள்.

இது வெறும் கம்ப்யூட்டர் ஆள் சமாச்சாரமும் அல்ல. கணக்குப் புத்தகங்களைக் கணினியில் வைத்திருக்கும் கம்பெனி, பிரைவேட் லிமிடெட் ஆனாலும், இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் பேக்கப் வைக்க வேண்டும் என்பது 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட கம்பெனிகள் கணக்கு விதி. தவறினால் ஆடிட்டர் அறிக்கையில் எழுதிவிடுவார். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தனிநபர் தரவு தற்செயலாக அழிவதும் கைக்கெட்டாமல் போவதும்கூட மீறல் என்ற வரையறைக்குள் வரக்கூடியவை. தகுந்த பாதுகாப்பு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் உண்டு.

சர்வரைப் பராமரிக்க ஏ.எம்.சி. கொடுத்திருப்பவர்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். 'பேக்கப் எடுக்கப்படும்' என்ற ஒற்றை வரியை நம்பி ஏமாறாதீர்கள். மீட்டுக் காட்டிய தேதி, மீட்க ஆகும் நேரம், எத்தனை மணி நேர டேட்டா வரை இழக்கலாம் என்ற வரம்பு, ஒப்பந்தம் முடியும்போது நகலும் பாஸ்வேர்டுகளும் யார் கைக்கு வரும் என்பது, எல்லாமே எழுத்தில் வேண்டும். எழுதித் தர மறுப்பவரிடம், இந்த வாரமே உங்கள் கண்முன்னே ஒரு கோப்பை மீட்டுக் காட்டச் சொல்லுங்கள்.