காவல் தளர்ந்த பித்தக்குழாய்

கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் இயல்பாகக் கிருமியற்றது. அது குடலில் சேருமிடத்தில் சுருக்குத் தசையொன்று வாயிற்காவலன்போல் நின்று, குடற்கிருமிகளைத் தடுக்கிறது.

கணையத்தலையில் கட்டி வளர்ந்தால் பித்தக்குழாய் அடைபட்டு மஞ்சட்காமாலை தோன்றும். அதைத் தணிக்கச் சிறு குழலொன்றைச் செருகுவர். பித்தநீர் வடியும்; ஆனால் காவலும் தளரும். கிளெப்சியெல்லா, என்டரோகாக்கஸ் போன்ற கிருமிகள் மேலேறிக் குடிபுகும். பின்னர்க் கணையத்தலையை அகற்றுகையில் பித்தக்குழாயையும் வெட்டவேண்டும். அப்பொழுது சிந்தும் பித்தநீரால் அறுவைப்புண் சீழ்கொள்ளலாம். 1935-இல் ஆலன் விப்பிள் விவரித்த இவ்வறுவை, மண்ணூர்பேட்டையினர் நன்கறிந்த சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் நடைபெறுகிறது.

அங்ஙனமாயின் குழலே வேண்டாவா? 2010-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், முதலில் பித்தநீரை வடித்துக்கொண்டோரில் 74 விழுக்காட்டினருக்கும், நேரே அறுவை செய்துகொண்டோரில் 39 விழுக்காட்டினருக்கும் கடுஞ்சிக்கல்கள் நேர்ந்தன; குழலால் விளைந்தவையும் அவற்றுள் அடங்கும். ஆயினும் பித்தக்குழாயில் அழற்சி கண்டு காய்ச்சல் மிகுந்தோர்க்கும், அறுவை தாமதமாவோர்க்கும் குழல் இன்றியமையாதது.

மருந்துத் தேர்விலும் கருத்து வேண்டும். 2023-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், செஃபாக்சிடின் பெற்றோரில் சுமார் 33 விழுக்காட்டினர்க்கு அறுவைத்தொற்று ஏற்பட்டது. அகன்ற ஆற்றலுடைய பைப்பராசிலின்-டாசோபாக்டம் பெற்றோரில் அது சுமார் 20 விழுக்காடே.

மாணவர்களே, நோய் தணிக்கத் திறந்த வழியே கிருமி நுழையும் வழியாகலாம். அதை முன்னறிந்து காப்பதே மருத்துவத்தின் கடமை.