சாயமில்லா நீலம்

வெள்ளறடை, கேரளமும் தமிழ்நாடும் சந்திக்கும் எல்லையூர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டத்திலிருந்த இவ்வூர் கேரளத்தில் அமைந்தது. இத்தகைய ஊர்களை விட்டு வெகுதொலைவில் வாழும் நாம், பனையிலும் கம்பியிலும் அமர்ந்திருக்கும் பனங்காடையை மறந்திருக்க மாட்டோம். மங்கலாகத் தோன்றும் அப்பறவை சிறகை விரித்ததும் நீலமாய் ஒளிரும். அந்த நீலம் எங்கிருந்து வருகிறது?

சாயத்திலிருந்து என்றே எண்ணுவோம். ஆனால், நம் பிள்ளைகள் புத்தகத்துள் வைத்திருக்கும் மயிற்பீலியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீலமும் பச்சையும் மறைந்து பழுப்பே தெரியும். நுண்பொடியாக அரைத்தாலும் அவ்வாறே. பீலியில் உள்ள நிறப்பொருள் பழுப்பு ஒன்றே. ஏனைய வண்ணங்களை அதன் அடுக்கமைப்பே தருகிறது.

திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1907-இல் அரசுப் பணியின் பொருட்டுக் கல்கத்தா சென்று, 1933-இல் பெங்களூரில் குடியேறிய சர் சி. வி. இராமன், பனங்காடையின் இறகையே எடுத்து ஆராய்ந்து 1934-இல் கட்டுரை வெளியிட்டார். மயிற்பீலியின் அமைப்பு 2003-இல் தெளிவாயிற்று. அதனுள் மெலனின் என்னும் பொருளாலான நுண்கோல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். கோல்களின் இடைவெளி சுமார் 140 நானோமீட்டராயின் நீலம், 150 ஆயின் பச்சை, 165 ஆயின் மஞ்சள்!

இயற்கை செய்வதை மனிதரும் செய்யலாகாதா? 2011-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பெதெரிக்கோ கப்பாசோ குழுவினர், நுண்ணிய பொன் உறுப்புகளைப் பரப்பி ஒளியை வேண்டிய திசையில் திருப்பினர். 2016-இல் டைட்டானியம் டையாக்சைடாலான, 600 நானோமீட்டர் உயரமுள்ள தூண்களை நிறுத்தித் தட்டையான வில்லை ஒன்றை ஆக்கினர்.

இதன் தத்துவம் எளிது. தேர்வடம் பிடிப்போரில் ஒரு பக்கத்தார் சற்றுத் தாமதித்தால் தேர் அப்பக்கம் திரும்பும். அதுபோல, இடத்துக்கு இடம் வேறுபடும் தூண்கள் ஒளியைச் சிறிது சிறிதாகத் தாமதப்படுத்தி ஒரு புள்ளியில் குவிக்கின்றன. கண்ணாடியின் வளைவும் பருமனும் செய்த வேலையை, தலைமயிரினும் மெல்லிய படலம் செய்கிறது. கருவிகள் சிறுத்து எடை குறைவதற்கு இதுவே வழி.

இராமனும் நம்மைப்போல் ஊர் விட்டுச் சென்றவரே. ஊரில் காணும் பறவையைக் குறித்த வினாவை அவர் கைவிடவில்லை. இன்று மாலை நம் பிள்ளைகளிடம் ஒரு பீலியைக் கொடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கச் சொல்வோம். நீலம் எங்கே போயிற்று என்று அவர்களே கேட்கட்டும்.