பழுதான வன்தட்டிலிருந்து படம் மீளுமா?

திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கும் மலையை நீங்கள் படம் பிடிக்கிறீர்கள். கணினிக்கு அந்தப் படம் 0, 1 ஆகிய இலக்கங்களின் நீண்ட வரிசைதான். அதன் அளவு 640 கிலோபைட் என்று வைத்துக்கொள்வோம்.

வேகத்துக்காகச் சில கணினிகளில் இரண்டு வன்தட்டுகளைச் சேர்த்து ஒன்றாக இயக்குவார்கள். படத்தை 64 கிலோபைட் துண்டுகளாக வெட்டி, முதல் துண்டை ஒரு தட்டிலும் அடுத்ததை மற்றதிலும் மாறி மாறி எழுதுவார்கள். பத்துத் துண்டுகளில் ஐந்து இங்கே, ஐந்து அங்கே. இதற்கு ‘ரெய்ட் 0’ என்று பெயர்.

தட்டுகள் நன்றாக இருந்து, அவற்றை இணைக்கும் அட்டை மட்டும் பழுதானால் படத்தை மீட்கலாம். மீட்பவர்கள் முதலில் இரண்டு தட்டுகளையும் முழுமையாகப் பிரதி எடுப்பார்கள். பிறகு மூலத்தைத் தொடாமல், பிரதியில்தான் வேலை செய்வார்கள். ‘ஜேபெக்’ வடிவில் சேமித்த படம் எப்போதும் ‘எஃப்எஃப் டி8’ என்ற குறியுடன் தொடங்கும். அது எந்தத் தட்டில் இருக்கிறதோ, அதில்தான் முதல் துண்டு. துண்டின் அளவைப் பிழையாகக் கணித்தால் மலையுச்சி மட்டும் தெரியும். கீழே வெறும் குழப்பம். சரியாகக் கணித்தால் அடிவாரத்துக் கடல்வரை தெளிவாக வரும்.

ஒரு தட்டே கெட்டுப்போனால்? ஐந்து துண்டுகள் போய்விடும். தூசியில்லாத அறையில் வைத்து அந்தத் தட்டைச் சரிசெய்தால்தான் உண்டு. நீங்கள் வீட்டில் திறந்துவிடாதீர்கள்; ஒரு சிறு தூசிகூட அதைக் கீறிவிடும்.

1988இல் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூன்று விஞ்ஞானிகள், ஒரு தட்டு கெட்டாலும் எதையும் இழக்காமல் இருப்பதற்கான வழிகளை விளக்கினார்கள். அவற்றில் ஒன்று ‘ரெய்ட் 5’. இதில் குறைந்தது மூன்று தட்டுகள் வேண்டும். இரண்டில் 1, 0 என்று இருந்தால் மூன்றாவதில் 1 எழுதப்படும். மூன்றையும் சேர்த்து எண்ணினால், ஒன்றுகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டையாக வரவேண்டும். எந்த ஒரு தட்டு போனாலும் மற்ற இரண்டும் விடை சொல்லிவிடும்.

ஆனால் இதுவும் போதாது; தட்டுகள் நன்றாக இருக்கும்போதே அவற்றில் உள்ளவை அழிந்துபோகலாம். 2023 ஒகஸ்டில், கப்பம் கேட்கும் தீநிரல் ஒன்று இலங்கை அரசின் மேகக் கணினியைத் தாக்கியது. ஏறத்தாழ 5,000 முகவரிகளில், மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்தன. அந்தக் காலத்துக்குக் காப்பு நகல் இருக்கவில்லை. 2004 சுனாமியோ திருகோணமலைக் கரையோரத்தையே தாக்கியது. ஒரே கட்டடத்தில் எத்தனை தட்டு இருந்தாலும் வெள்ளம் எல்லாவற்றையும் நனைத்துவிடும். ஆகவே முக்கியமான படங்களின் நகல் ஒன்றை வேறோர் ஊரிலும் வைத்திருங்கள்.

இப்போது ‘ரெய்ட் 5’ முறையில் நீங்களே மீட்டுப் பாருங்கள்! முதல் தட்டில் 0 1 1. மூன்றாவதில் 1 1 0. கெட்டுப்போன இரண்டாவது தட்டில் இருந்தது என்ன?

(விடை: 1 0 1)