ஐந்து துளியும் ஓர் ஊரும்

செயற்கை நுண்ணறிவிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு விடைக்காக நாம் காத்திருக்கும் அந்தச் சில விநாடிகளில், தூரதேசத்தில் ஜன்னலில்லாத நீண்டதொரு கட்டடத்தினுள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட கணினிச் சில்லுகள், பலவும் ஓர் இஸ்திரிப் பெட்டிக்குப் போதுமான மின்சாரத்தை உட்கொண்டு, அதை உஷ்ணமாக வெளிவிடுகின்றன. கணக்கிடும் யந்திரம் பாரம் தூக்குவதில்லை, சக்கரம் சுழற்றுவதில்லை. ஆதலால் அதனுள் புகுந்த மின்சாரத்துக்கு உஷ்ணமாவதன்றி வேறு கதியில்லை. அதைப் போக்கப் பல இடங்களில் கையாளும் உபாயம் நம் வீட்டு மண்பானை அறிந்ததுதான்: ஆவியாகும் நீர் தன்னோடு சூட்டையும் கொண்டுபோகிறது.

அந்த நீரை எப்படி அளப்பது? தன் செயற்கை நுண்ணறிவான ஜெமினியிடம் கேட்கப்படும் நடுத்தரமான எழுத்துக் கேள்வி ஒன்றுக்கு 0.26 மில்லிலிட்டர், அதாவது சுமார் ஐந்து துளி செலவாகிறது என்று கூகுள் நிறுவனம் 2025-ல் கணக்குக் காட்டியது. மின்நிலையங்களில் செலவாகும் நீரும், யந்திரத்தைப் பயிற்றுவிக்கும் செலவும் அதில் சேரவில்லை. அவற்றைச் சேர்த்தாலும்கூட, துளிக்கணக்கு இவ்விஷயத்துக்குத் தகுந்த தராசு அன்று என்பதே என் அபிப்பிராயம். ஏனெனில் கேள்விகள் உலகெங்கிலுமிருந்து வருகின்றன, நீரோ ஏதோ ஓர் ஊரிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கொலம்பியா நதிக்கரையில், சுமார் 16,000 பேர் வாழும் தி டால்ஸ் அப்படிப்பட்ட ஓர் ஊர். 2006 முதல் அங்கே இயங்கும் கூகுளின் தரவு மையங்கள் 2021-ல் எடுத்துக்கொண்ட நீர் சுமார் 134 கோடி லிட்டர். நகரம் முழுவதும் செலவிட்ட நீரில் கால் பங்குக்கும் அதிகம். இது இன்றைய செயற்கை நுண்ணறிவுப் பெருக்கத்துக்கு முந்திய கணக்கு. அந்த மையங்களின் நீர்க்கணக்கை ஒரு நாளிதழ் கேட்டபோது, அது வர்த்தக ரகசியம் என்று சொல்லி நகராட்சியே நீதிமன்றம் சென்றது. ஓராண்டுக்கு மேல் கழிந்து 2022-ன் இறுதியில்தான் மக்கள் தங்கள் நீரின் கணக்கைத் தெரிந்துகொள்ள முடிந்தது. அளவைக் காட்டிலும் இந்த மறைப்பே என்னை அதிகம் வருத்துகிறது.

அந்த ஊர் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு அங்கே மலிவாகக் கிடைத்த நீர்மின்சாரமும் ஒரு பிரதான காரணம். நீர்மின்சாரம் என்றால் புகையில்லை, ஆகவே அதைத் தூய்மையான சக்தியென்று கணக்கில் எழுதிவிடுகிறோம். ஆனால் 1957 மார்ச்சில் தி டால்ஸ் அணையின் கதவுகள் மூடப்பட்டபோது, நதியின் மேற்பக்கத்திலிருந்த செலைலோ அருவி சில மணி நேரத்துக்குள் மூழ்கிப்போயிற்று. பாறைகளின்மேல் மரமேடை கட்டிப் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சால்மன் மீன் பிடித்துவந்த பூர்வகுடியினர், கரையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.